மணி அடிக்காத இடம்: கம்பசின் முதல் பதினைந்து வாரம்

கம்பசில் மணி அடிக்காது. பதின்மூன்று வருசம் மணிச் சத்தத்துக்குப் பாடம் மாறி, மணிச் சத்தத்துக்கு வீட்டுக்கு ஓடிய பிள்ளைக்கு முதல் கிழமை உறைப்பது இந்த அமைதிதான். காலை லெக்சருக்கு யாரும் கூப்பிடுவதில்லை. போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க வகுப்பாசிரியர் இல்லை, வீட்டுக்குச் சொல்லி அனுப்ப அதிபர் இல்லை. வரவுத் தாளில் கையெழுத்து இருக்கும், அல்லது இருக்காது. அந்தத் தாள் பேசத் தொடங்குவது பதினைந்தாவது வாரத்தில். அப்போது திருத்துவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

உயர்தரம் எழுதின கையோடு கம்பஸ் தொடங்குவதுமில்லை. பெறுபேறு, மீள்பரிசீலனை, வெட்டுப்புள்ளி, பதிவு என்று இடையில் ஒரு வருசத்துக்கு மேல் ஓடிவிடும். அதற்குள் படிக்கிற கை மரத்துப் போயிருக்கும். வீட்டிலும் ஊரிலும் "மனே, கம்பஸ் எடுபட்டதாமே" என்று கேட்டுக் கேட்டு, எடுபட்டதே முடிவு என்ற நினைப்பும் வந்துவிடும். முதல் செமஸ்டரில் விழும் பிள்ளைகளில் மூளை குறைந்தவர்கள் அநேகமாக இல்லை. கணக்கு விளங்காமல் விழுந்தவர்களே அதிகம். அந்தக் கணக்கைத்தான் இங்கே விரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் இடம். கிழக்குப் பல்கலைக்கழகம் என்று கடிதம் வந்தால் எல்லோரும் வந்தாறுமூலை என்றே நினைக்கிறார்கள். 1981 ஆகஸ்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபரில் முழுப் பல்கலைக்கழகமானது வந்தாறுமூலையில்தான். ஆனால் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பு நகரப் பக்கத்தில் பிள்ளையாரடியில் இருக்கிறது. இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை படிக்கிற பிள்ளைகளுக்குச் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில், பாலத்துக்கு அந்தப் பக்கம். திருகோணமலை வளாகம் திருகோணமலையிலேயே. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இதே சிக்கல் உண்டு: பிரதான வளாகம் ஒலுவில், பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறை. வந்தாறுமூலைக்குப் பக்கத்துச் செங்கலடியில் போர்டிங்குக்கு முற்பணம் கட்டிய பிறகு வகுப்பு கல்லடியில் என்று அறிவது சின்ன இழப்பில்லை. கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரை விட்டுவிட்டுப் பீடத்தின் முகவரியைப் பாருங்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வந்தாறுமூலை ஏறத்தாழ 16 கிலோமீற்றர். வாழைச்சேனைப் பக்கம் போகும் பஸ் எல்லாம் ஏறாவூர், செங்கலடி தாண்டி வாசலடியில் நிற்கும். தூரம் கொஞ்சம் என்றாலும் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கந்தோருக்குப் போகிறவர்களும் அதே பஸ்சில்தான். எட்டரை மணிக்கு லெக்சர் என்றால் நகரில் ஏழு மணிக்கே நிற்க வேண்டும். ஏழே முக்காலுக்கு ஏறினால் பிந்துவீர்கள், பிந்திய முதல் பத்து நிமிசத்தில் வரவுத் தாள் உங்களைக் கடந்து போயிருக்கும்.

பதிவு நாளன்று கொண்டுபோகும் ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம சேவகர் சான்றிதழ், மருத்துவப் படிவம், படங்கள். ஒவ்வொன்றிலும் மூலப்பிரதியும் மூன்று போட்டோக்கொப்பியும் வையுங்கள். பதிவு நாளில் போட்டோக்கொப்பிக் கடையில் நிற்கும் வரிசை பதிவு மேசையில் நிற்கும் வரிசையை விட நீளம். இதற்கெல்லாம் முன்னால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையப் பதிவு இருக்கிறது. அதில் குறித்த திகதியைத் தவறவிட்டால் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். கடைசி நாள் இரவு இணையம் இழுக்கும் என்பதை நம்பியே திட்டம் போடுங்கள்.

இனிக் கணக்கு. கம்பசில் பாடத்துக்கு எடை உண்டு, அதற்குப் பெயர் கிரெடிட், தமிழில் திறமைமதிப்பு. பொதுவாக 15 மணித்தியால லெக்சருக்கு ஒரு கிரெடிட். ஆக, மூன்று கிரெடிட் பாடம் ஒரு செமஸ்டரில் 45 மணித்தியாலம். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அடுத்த பாதி. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது ஒரு மாணவரின் மொத்த உழைப்பில் 50 மணித்தியாலம். மூன்று கிரெடிட்டுக்கு 150. அதில் 45 மண்டபத்தில் போக, மிச்சம் 105 மணித்தியாலம் உங்களுடைய மேசையில் நடக்க வேண்டியது. பதினைந்து வாரத்துக்குப் பிரித்தால் ஒரு பாடத்துக்கு வாரம் ஏழு மணித்தியாலம். அப்படி ஐந்து பாடம் இருந்தால் முப்பத்தைந்து. நேரசூசியில் வெள்ளிக்கிழமை பின்னேரம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து "கம்பஸ் லேசு" என்று முதல் கிழமை சந்தோசப்படுகிறோமே, அந்த வெற்றுக் கட்டங்கள் இந்த முப்பத்தைந்துக்காக விடப்பட்டவை.

வரவு 80 வீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வீதமாகச் சொன்னால் தாராளமாகத் தெரிகிறது. நாளாக மாற்றிப் பாருங்கள். 45 மணித்தியாலத்தில் 36 வேண்டும், 9 தவறவிடலாம். அந்தப் பாடம் வாரத்தில் ஒரே நாளில் மூன்று மணித்தியாலமாக நடந்தால், தவறவிடக்கூடியது மூன்றே மூன்று நாள். இரண்டு கிரெடிட் பாடமும் அப்படித்தான்: 30 இல் 24 வேண்டும், இரண்டு மணித்தியாலமாக நடந்தால் மூன்று நாள். ஊரில் ஒரு கலியாணம், கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள், மாரியில் டெங்குக் காய்ச்சல் என்று ஒரு கிழமை. முடிந்தது. காய்ச்சலுக்கு மெடிக்கல், அதாவது வைத்தியச் சான்றிதழ், கொடுக்கலாம்தான். அதிலும் இரண்டு பொறி இருக்கிறது. சுகமான பிறகு சாவகாசமாகக் கொண்டுபோனால் ஏற்கமாட்டார்கள், குறித்த நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தனியார் டொக்டரின் துண்டு பல இடங்களில் செல்லாது, அரச ஆஸ்பத்திரியினதோ பல்கலைக்கழக வைத்திய அதிகாரியினதோ வேண்டும். காய்ச்சல் அடித்த அன்றே உங்களோடு சேர்ந்த பட்ச்சில் ஒருவரிடம் சொல்லி, துறை அலுவலகத்துக்கு ஒரு தகவல் போடச் செய்வது நல்லது. கொப்பியின் பின்மட்டையில் பாடத்துக்கு மூன்று கட்டம் கீறி, தவறவிடும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டத்தை வெட்டுங்கள். இதைவிட எளிய காவல் இல்லை.

அடுத்தது ஜீபீஏ, எல்லாப் பாடங்களுக்குமான சராசரிப் புள்ளி. ஏ என்றால் 4.0, பீ பிளஸ் 3.3, பீ 3.0, சீ 2.0, ஈ என்றால் பூச்சியம். ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுப்பது. ஒரு பிள்ளையின் முதல் செமஸ்டரை எடுத்துப் பார்ப்போம். மூன்று கிரெடிட் பாடங்கள் மூன்று: ஒன்றில் ஏ, ஒன்றில் பீ பிளஸ், ஒன்றில் பீ. இரண்டு கிரெடிட் பாடங்கள் இரண்டு: ஒன்றில் சீ, மற்றதில் ஈ. 12, 9.9, 9, 4, 0. கூட்டினால் 34.9. பதின்மூன்றால் வகுத்தால் 2.68. நாலு பாடம் நன்றாகச் செய்த பிள்ளை இது. அந்த ஈ இருந்த இடத்தில் ஒரு பீ எடுத்திருந்தால் 40.9, அதாவது 3.15. பட்டத்தில் இரண்டாம் வகுப்பின் கீழ்ப் பிரிவுக்குப் பொதுவாகக் கேட்கும் 3.00 ஐத் தாண்டியிருக்கும்.

"ரிப்பீட் பண்ணிக் கூட்டிக்கொள்ளலாம்" என்று சொல்வார்கள். ரிப்பீட், அதாவது விழுந்த பாடத்தை மீண்டும் எழுதினால், எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பெரும்பாலும் சீக்கு மேல் தரமாட்டார்கள். மேலே சொன்ன பிள்ளை ரிப்பீட்டில் தொண்ணூறு எடுத்தாலும் கணக்கில் ஏறுவது சீ. 38.9 ஐப் பதின்மூன்றால் வகுத்தால் 2.99. ஒரு நூலிழை. இதனால்தான் முதல் செமஸ்டரைப் "பழகிற செமஸ்டர்" என்று விட்டுவிடக்கூடாது என்கிறேன். கடைசி வருசத்தில் முதலாம் வகுப்புக்கு 3.70 தேடி ஓடும்போது, இந்தப் பதின்மூன்று கிரெடிட்டும் பின்னால் இழுத்துக்கொண்டு நிற்கும். உங்கள் பீடத்தின் விதிகளில் ஒன்றிரண்டு எண் மாறலாம். பதிவு நாளில் தரும் மாணவர் கைநூலில் பரீட்சைப் பகுதியை மட்டுமாவது அந்தக் கிழமையே வாசியுங்கள். அநேகமானோர் அதை முதன்முதல் திறப்பது ஒரு பாடம் போன பிறகு.

புள்ளி முழுக்கக் கடைசிப் பரீட்சையில் என்றும் எண்ண வேண்டாம். அசைன்மென்ட், குவிஸ், மிட் என்று இடையிலேயே முப்பது நாற்பது புள்ளி போய்விடும். மிட் என்கிற இடைப் பரீட்சை வருவது ஏழாம் எட்டாம் வாரத்தில். ஆறாம் வாரம் வரைக்கும் சூழலைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது வந்து போனதே தெரியாது.

இப்போது மொழி. என் கணிப்பில் முதல் வருசத்தின் உண்மையான சுவர் இதுதான். கலைப் பாடங்கள் பல தமிழில் நடக்கும். விஞ்ஞானம், விவசாயம், முகாமைத்துவம், பொறியியல், மருத்துவம் எல்லாம் ஆங்கிலம். தமிழில் படித்து ஏ எடுத்த பிள்ளை முதல் லெக்சரில் உட்கார்ந்து ஒன்றுமே விளங்காமல் வெளியே வரும்போது, தனக்குப் பாடம் தெரியாது என்று முடிவு கட்டுகிறது. பாடம் தெரியும். பெயர்தான் தெரியாது. நாம் படித்த கலம்தான் அங்கே செல், இழையம் டிஷூ, நொதியம் என்சைம், ஒளித்தொகுப்பு போட்டோசிந்தசிஸ். திணிவு மாஸ், உந்தம் மொமென்டம், அமுக்கம் பிரஷர். கணக்கீட்டில் ஐந்தொகை பாலன்ஸ் ஷீட், பெறுமானத் தேய்வு டிப்ரீசியேஷன். உயர்தரத்தில் நாம் சுமந்த அத்தனையும் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன், செய்து பார்த்தவர்கள் பலர். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள். இடப்பக்கம் உயர்தரத்தில் படித்த தமிழ்ச் சொல். நடுவில் ஆங்கிலச் சொல், அதன் கீழே அது காதில் எப்படி விழுகிறது என்று தமிழ் எழுத்தில். வலப்பக்கம் லெக்சரர் அந்தச் சொல்லை வைத்துச் சொன்ன ஒரு முழு வசனம். இந்த மூன்றாவது பத்திதான் முக்கியம். பரீட்சையில் விடை எழுதத் தெரியாமல் நிற்பது சொல் தெரியாததால் மட்டுமல்ல, அந்தச் சொல்லோடு எந்த வினை சேரும் என்று தெரியாததாலும்தான். ஒரு நாளைக்குப் பத்துச் சொல், கிழமைக்கு ஐந்து நாள், ஆறு கிழமையில் முந்நூறு. மிட்டுக்கு முதல் முந்நூறு சொல் கையில் இருந்தால் மண்டபத்தில் தலை நிமிரும். காதில் விழுந்ததைத் தமிழில் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லெக்சரை அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்து, அன்றிரவே ஒருதரம் கேளுங்கள். மறுநாளுக்கு வைத்தால் சேர்ந்துகொண்டே போகும்.

ஆங்கிலத்தில் ஒப்படை எழுதும்போது இணையத்தில் இருந்து அப்படியே இறக்குவது இன்னொரு பள்ளம். கள்ளத்தனம் என்று நினைத்து யாரும் செய்வதில்லை, சொந்த வசனம் பிழைக்கும் என்ற பயத்தில் செய்கிறார்கள். பிழையோடு எழுதிய சொந்த வசனத்துக்குப் புள்ளி கிடைக்கும், இறக்கியதற்குப் பூச்சியம்.

குப்பி என்றொரு சொல்லைக் கேள்விப்படுவீர்கள். பரீட்சை நெருங்கும்போது, ஒரு பாடம் நன்றாகத் தெரிந்தவர் மற்றவர்களை இருத்திச் சொல்லிக் கொடுப்பது. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கில் படித்த காலத்துப் பெயர் என்பார்கள். சீனியர் அக்காவோ அண்ணாவோ தங்கள் நித்திரையை விட்டு இரவு பத்து மணிக்குக் கரும்பலகையடியில் நிற்பது, காசுக்கு ரியூசன் கொடுக்கும் நாட்டில் ஒரு பெரிய காரியம். போங்கள். வெறுங்கையோடு போகாமல், கடந்தகால வினாத்தாளில் எந்த இடத்தில் தடக்குகிறது என்று அடையாளம் போட்டுக்கொண்டு போங்கள். பழைய வினாத்தாள்கள் நூலகத்தில் இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

குப்பியைக் காட்டித்தான் பகிடிவதையையும், அதாவது ரேக்கையும், நியாயப்படுத்துகிறார்கள். "ரேக்குக்கு வராட்டி நோட்ஸ் கிடையாது, பட்ச்சில இருந்து வெட்டிருவம்" என்பது வழக்கமான வெருட்டு. நோட்ஸ் இன்று பெரும்பாலும் பீடத்தின் இணையத்தளத்தில் லெக்சரர்களே போடுகிறார்கள். கேட்டால் நேரிலும் தருவார்கள். அந்த வெருட்டில் உள்ளீடு இல்லை. பாட்டா செருப்போடுதான் வர வேண்டும், குனிந்து நடக்க வேண்டும், பட்டப்பெயரில்தான் பேச வேண்டும் என்று விளையாட்டுப்போலத் தொடங்கும். இரவில் வட்ஸ்அப் குரூப்பில் வசவாக மாறும். பிறகு மூடிய அறைக்குப் போகும். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றம் என்கிறது: இரண்டு வருசம் வரை கடூழியச் சிறை, பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ என்றால் பத்து வருசம் வரை. முறையிட வேண்டுமென்றால் உணர்ச்சியாக எழுதுவதைவிடத் திகதி, நேரம், இடம், யார் யார் நின்றார்கள், சொன்ன சொல் என்று அன்றே குறித்து வையுங்கள். குரல்பதிவுகளை அழிக்காமல் வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். முறையிடக்கூடிய இடங்கள்: மாணவர் ஆலோசகர், வளாக ஒழுங்கைப் பார்க்கும் மார்ஷல், பீடாதிபதி, அதற்கும் மேலே மானியங்கள் ஆணைக்குழு, பொலிஸ். வீட்டில் இருக்கிற அம்மா அப்பாவுக்கும் ஒன்று: பிள்ளை "ஒண்டும் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு கிழமையும் திரும்பிப் போக மறுத்தால், "கொஞ்சம் பொறு மனே" என்று பஸ் ஏற்றிவிடாதீர்கள். இருத்தி வைத்துக் கேளுங்கள்.

ஹொஸ்டலுக்கு நுளம்பு வலை, வாளி, கோப்பை, இரண்டு நல்ல பூட்டு. ஹீட்டர், மின்கேத்தல் பிடிபட்டால் பறிபோகும். காலையில் தாங்கித் தண்ணீர் முடிவதற்குள், ஐந்து மணிக்கே குளித்துவிடுவது உத்தமம். நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை இங்கே வாடைக் காற்றும் மழையும். அலுமாரிக்குள் சப்பாத்துக்கும் கொப்பிக்கும் பூஞ்சணம் பிடிக்கும். சான்றிதழ் ஃபைலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல்தட்டில் வையுங்கள், வெள்ளம் வருகிற வருசத்தில் கீழ்த்தட்டு முதலில் நனையும். வைகாசிக்குப் பிறகு கச்சான் அடிக்கத் தொடங்கினால் மத்தியானத்தில் அறையில் இருந்து படிக்க முடியாது. அந்த மாதங்களில் படிப்பை விடியற்காலைக்கும் நூலகத்துக்கும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

காசு விசயம் சுருக்கம். 1981 இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில், 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5000 ரூபாவிலிருந்து 7500 ஆக்கப்பட்டது. கிடைக்காதவர்கள் பல்கலைக்கழகம் ஊடாக பர்சரி என்கிற உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றிதழில் கிராம சேவகரும் பிரதேச செயலகமும் ஒப்பமிட வேண்டும், அதற்கே நாள் எடுக்கும். முதல் தவணை கையில் வர மாதங்கள் ஆகும் என்று வைத்துக்கொண்டு, மூன்று மாதச் செலவைக் கையில் வைத்திருங்கள்.

வந்தாறுமூலைக்கு வருகிற பிள்ளை இந்த மண்ணைப் பற்றி ஒன்று அறிந்திருக்க வேண்டும். 1990 இல் இந்த வளாகம் அகதி முகாமாக இருந்தது. அந்த வருசம் செப்டெம்பர் 5 அன்று இங்கிருந்து இராணுவத்தினர் கொண்டுபோன 158 பேர் திரும்பவில்லை. அவர்களுடைய வீட்டார் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்றும் இருக்கிறார்கள். நீங்கள் போர்டிங் எடுக்கிற வீட்டு அம்மாவும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். இன்று இதே மண்டபங்களில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒன்றாக இருந்து படிக்கிறார்கள். சிங்களம் தெரியாவிட்டாலும் செய்முறைக் குழுவில் ஒரு சிங்களப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் பொது மொழி ஆங்கிலம் என்பதால் இருவரது ஆங்கிலமும் தேறும்.

பதினைந்தாம் வாரத்துக்குப் பிறகு படிப்பு விடுமுறை, அதன் பிறகு பரீட்சை. அனுமதி அட்டை கையில் வந்ததும் பாடக் குறியீடுகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். செமஸ்டர் தொடக்கத்தில் பாடப் பதிவுப் படிவத்தில் ஒரு இலக்கம் மாறியிருந்தால், பதினைந்து வாரம் இருந்து படித்த பாடம் அட்டையில் இருக்காது. பிறகு உங்கள் பெயரைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் தமிழில் இருக்கிற பெயரை அடையாள அட்டைக்கு ஒருவர், உயர்தரப் பெறுபேற்றுக்கு இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ஒன்றில் ஓர் எழுத்துக் கூடும், ஒன்றில் குறையும். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் நிற்கும். பட்டச் சான்றிதழில் அச்சாகப்போவது பல்கலைக்கழகப் பதிவில் இருக்கும் எழுத்துக்கூட்டல். முதல் செமஸ்டரில் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கடிதமும் சத்தியக் கடதாசியும் கொடுத்தால் திருத்திவிடலாம். அட்டையையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்து வாசியுங்கள்.